வயதுக்குக் கத்தியா? கட்டிக்குக் கத்தியா?

வீட்டில் 70, 80 வயது சென்ற ஒருவருக்கு முகத்தில் ஒரு கட்டி கிளம்பி, டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதை அறுத்தெடுக்க வேண்டும்" என்று சொன்னால், அந்த வீட்டில் உடனே கூடுகின்ற கூட்டத்தில் முதல் முதலாகப் பிறக்கின்ற வார்த்தை, "இந்த வயதில் கத்தியா?" என்பதாகும். இந்த வார்த்தையை மகன் சொல்லுவான், மருமகன் சொல்லுவான், திண்ணையில் வந்து உட்கார்ந்த சம்பந்தியும் சொல்லுவார். சொல்லுகின்றவர்கள் எல்லோரும் தங்களை மிகுந்த இரக்கமுள்ளவர்கள் என்றே எண்ணிக் கொள்ளுவார்கள். ஆனால் கட்டிக்கு உரியவரை மாத்திரம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அவரோ உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து கொண்டு, வெளியில் தம்முடைய முகத்தைப் பற்றி நடக்கின்ற வழக்குக்கு என்ன தீர்ப்பு வருமோ என்று காத்துக் கொண்டிருப்பார்.

இந்த இரக்கத்தின் யோக்கியதை என்ன என்பதைப் பற்றியே இவ்வாரம் நாம் எழுத முன்வந்திருக்கின்றோம். பொதுப்படப் பேசினால் ஆளுக்கொரு அபிப்பிராயம் கிளம்புமாதலால், ஒரே ஒரு வியாதியை எடுத்துக் கொண்டு அதைக் கொண்டே இக்கேள்வியைப் பரிசோதித்துப் பார்க்கலாம். அது மெர்க்கல் செல் புற்று என்னும் தோல் புற்று நோயாகும். அது மிகவும் அபூர்வமானது. ஆனால் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்களையே பிடிப்பது. அதிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தலையிலோ முகத்திலோ கழுத்திலோ தோன்றுவது. ஆகையால் "இந்த வயதில்" என்கின்ற வார்த்தையை உரைத்துப் பார்ப்பதற்கு இதைவிடத் தக்க உரைகல் வேறில்லை.

வியாதியின் வரலாறு

ஜெர்மனி தேசத்து உடற்கூறு சாஸ்திரியாகிய பிரெடரிக் மெர்க்கல் என்பவர், தோலின் மேலடுக்கின் அடியில் தொடு உணர்ச்சியைச் சேர்ந்த ஒருவகை நுண்ணிய அணுக்கள் இருப்பதை 1875-ல் விவரித்தார். 1972-ல் சிரில் டோக்கர் என்னும் டாக்டர், 5 நோயாளிகளிடம் கண்டதும் அதுவரை தனிப்பேர் இல்லாததுமான ஒரு தோல் புற்றைப் பற்றி எழுதினார். அந்தப் புற்றின் அணுக்கள் மெர்க்கல் கண்ட அணுக்களைப் போலத் தோன்றவே, அவர் பேரையே பின்னால் வியாதிக்கும் இட்டார்கள். உண்மையில் அந்த அணுக்களிலிருந்துதான் இது பிறக்கின்றதா என்று இன்று ஆராய்ச்சிக்காரர்களே சந்தேகிக்கின்றார்கள். ஆனாலும் பேர் நின்றுவிட்டது.

2008-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் யுவான் சாங், பாட்ரிக் மூர் ஆகிய இருவரும் அவர்களுடைய கூட்டாளிகளும் இந்தக் கட்டிகள் 10-ஐ எடுத்துச் சோதித்ததில், 8 கட்டிகளில் அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் இருக்கக் கண்டார்கள். இதைக் கேட்டு யாரும் பயந்து நோயாளியை விட்டு விலகி உட்கார வேண்டியதில்லை. அந்த வைரஸ் பெரும்பாலான மனிதர்களின் தோலில் ஒரு கெடுதியும் செய்யாமல் குடியிருப்பதே. கோடிக்கணக்கானவர்களில் யாரோ சிலருக்கே அது புற்றாக மாறுகின்றது. இந்தப் புற்று ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதல்ல. வெயில் பல வருஷங்களாகத் தோலைக் கெடுப்பது மற்றொரு காரணம். வயதாலோ, வேறு வியாதியாலோ, மருந்தாலோ உடலின் காவல் சக்தி குறைந்து போவது இன்னொரு காரணம். ஆகவே இதில் பூர்வ ஜென்மத்துக்கும், கண்ணேறுக்கும், பல்லி விழுந்ததற்கும் ஒரு வேலையும் கிடையாது.

அமெரிக்காவில் 2013-ம் வருஷத்துக் கணக்குப்படி லட்சம் பேருக்கு 0.7 வீதம், சுமார் 2,500 பேருக்கு இது கண்டது. அதிகமாய்ப் பிடிப்பது வெள்ளைத் தோலுள்ளவர்களையே. நம்மைப் போன்ற கறுத்த மக்களுக்கு இது இன்னும் அபூர்வம். என்றாலும் அபூர்வம் என்பதற்கு இல்லை என்பது அர்த்தமல்ல. அன்றியும், நாம் இங்கே சொல்லப்போவது முகத்தில் வரும் எந்தப் புற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தக் கூடியதேயாகும்.

வலியில்லை என்பதே ஆபத்து

நம்மவர்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. வலித்தால் வியாதி, வலிக்காவிட்டால் வியாதியல்ல என்பதே அது. இந்தக் கணக்கு எவ்வளவு பொய்யானது என்பதை இந்த வியாதி காட்டுகின்றது. 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இப்புற்று வந்த 195 பேரைப் பற்றி விசாரித்தார்கள். அவர்களில் 100-க்கு 88 பேருக்குக் கட்டியில் வலியே கிடையாது. 100-க்கு 63 பேருக்கு அது 3 மாதத்துக்குள்ளாகவே கண்ணுக்குத் தெரிய வளர்ந்திருந்தது. 100-க்கு 90 பேர் 50 வயதைத் தாண்டியவர்கள். 100-க்கு 81 பேருக்கு அது வெயில் படுகின்ற இடத்தில் இருந்தது. இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். சதைச் சோதனை செய்வதற்கு முன், 100-க்கு 56 கட்டிகளை டாக்டர்களே கெடுதியில்லாதது என்று நினைத்திருந்தார்கள். கொழுப்புக் கட்டி என்றோ பரு என்றோ எண்ணினதுதான் அதிகம். படித்த டாக்டரே கண்ணால் மாத்திரம் பார்த்து ஏமாறக் கூடிய ஒன்றைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்து, "இது வெறும் மரு" என்று தீர்ப்புச் சொல்லுவது எவ்வளவு துணிச்சல் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

மரு என்றதும் நம் நாட்டில் நடப்பது என்ன? ஒருவர் குதிரை வால் மயிரைக் கட்டச் சொல்லுவார். ஒருவர் சுண்ணாம்பை வைக்கச் சொல்லுவார். வேறொருவர் கோயில் குளத்தில் உப்பும் மிளகும் கொட்டச் சொல்லுவார். இவைகளுக்கு இவ்வளவு காலம் மதிப்பு இருந்து வருவதற்குக் காரணம் என்னவென்றால், சாதாரண மருவில் அநேகம் ஒன்றும் செய்யாமலே சில மாதங்களிலோ வருஷங்களிலோ தானாகவே உதிர்ந்து போகக் கூடியது என்பதுதான். தானாக உதிர்ந்ததன் புகழ் உப்புக்கும் மிளகுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் மெர்க்கல் புற்று உப்பு கரைகின்ற வரையில் காத்திருப்பதல்ல. சிவந்தோ, நீலம் கலந்து சிவந்தோ, தோலின் நிறமாகவோ, பளபளப்பாயும் கெட்டியாயும் எழும்பி, வாரத்துக்கு வாரம் பெரிதாவது. மிளகு கொட்டி மூன்று மாதம் காத்திருந்தவர் இழப்பது மிளகின் விலையை மாத்திரமல்ல. அந்த மூன்று மாதத்தையும் சேர்த்துத்தான் இழக்கின்றார்.

டாக்டர் செய்வது என்ன?

கத்தி என்றதும் பயப்படுகின்றவர்கள், கத்தி என்ன செய்கின்றது என்பதைத் தெரிந்து கொண்டு பயப்பட்டால் அதிலாவது ஒரு நியாயம் இருக்கும்.

முதல் காரியம் சதைச் சோதனை. கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் இது இன்ன புற்று என்று சொல்ல முடியும்.

இரண்டாவது, கட்டியை அறுத்தெடுப்பது. கட்டியை மாத்திரமல்லாமல், அதைச் சுற்றி 1 முதல் 2 செ.மீ. வரை நல்ல தோலையும் சேர்த்து எடுப்பது முறை. முதுகிலும் தொடையிலும் 2 செ.மீ. என்பது ஒரு பெரிய விஷயமல்ல. ஆனால் கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அதுவுமல்லாமல், கன்னத்தின் அடியில் முகத்தை அசைக்கின்ற நரம்பு 5 கிளைகளாகப் பிரிந்து செல்லுகின்றது. அதில் ஒரு கிளை கெட்டால் இமை மூடாது. மற்றொன்று கெட்டால் வாய் கோணும். இதற்காகவே, அமெரிக்காவில் விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரெடரிக் மோஸ் என்பவர் 1930-களில் ஒரு முறையை ஆரம்பித்து 1941-ல் வெளியிட்டார். தோலை மெல்லிய அடுக்காக எடுத்து, அதன் விளிம்பு முழுவதையும் அப்போதைக்கப்போது பூதக்கண்ணாடியில் பார்த்து, புற்று எந்தப் பக்கம் மிஞ்சியிருக்கின்றதோ அந்தப் பக்கம் மாத்திரம் மேலும் எடுப்பது என்பதே அம்முறை. அந்த வசதி இல்லாத இடத்தில், இயன்ற அளவுக்கு அறுத்துவிட்டு, பிறகு நம் ஜனங்கள் "கரண்டு வைப்பது" என்று சொல்லுகின்ற கதிர் சிகிச்சையைச் செய்கின்றார்கள். இந்தப் புற்று கதிருக்கு நன்றாய்க் கட்டுப்படுவதாகும்.

மூன்றாவது, நெறியைச் சோதிப்பது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது எல்லோரும் அறிந்ததே. அதுபோலவே கன்னத்திலுள்ள புற்று, காதுக்கு முன்னாலும் கழுத்திலும் உள்ள கணுக்களுக்குப் போய்ச் சேரும். வெளியில் கைக்கு ஒன்றும் தட்டுப்படாதவர்களிலும் மூன்றில் ஒருவருக்குச் சுமாராக உள்ளே போய்ச் சேர்ந்திருக்கின்றது. ஆதலால் சாயத்தையும் கதிர்மருந்தையும் ஊசியால் செலுத்தி, முதல் காவலாக இருக்கின்ற கணு எது என்று கண்டுபிடித்து, அதை எடுத்துச் சோதிக்கின்றார்கள்.

நான்காவது, புண்ணை மூடுவது. சிறியதானால் தையல், பெரியதானால் பக்கத்துத் தோலை நகர்த்தி மூடுவது, அல்லது காதின் பின்புறமோ கழுத்தடியிலோ தோல் எடுத்து ஒட்டுவது.

கிழத்தனம் செய்கின்ற உபகாரம்

இனி வயதின் கதைக்கு வருவோம். வயதானவர் மயக்க மருந்து தாங்க மாட்டார் என்கின்றார்கள். 1846-ல் பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்பவர் ஈதர் மயக்கத்தைப் பலர் அறியக் காட்டிய காலத்திலிருந்து கத்தி வைத்தியம் எத்தனையோ தூரம் வந்துவிட்டது. 1943-ல் சுவீடன் தேசத்தில் நீல்ஸ் லோஃப்கிரன் செய்து கண்ட லிக்னோகேய்ன் என்னும் மரத்துப்போகும் மருந்தை அந்த இடத்தில் மாத்திரம் ஊசியாய்ப் போட்டு, நோயாளி விழித்துப் பேசிக் கொண்டிருக்கையிலேயே முகத்தில் இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களுக்குக் கூட இது பெரும்பாலும் செய்யக் கூடியதே. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகின்றவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்; தாங்களாகவே நிறுத்திக் கொள்ளக் கூடாது.

அதுமாத்திரமா? முகத்தில் இரத்த ஓட்டம் மிகுதி. ஆனதால் உடம்பின் மற்ற இடங்களைவிட முகத்துப் புண் சீக்கிரம் ஆறும். கிழவர்களின் தோல் தளர்ந்திருப்பதால் வாலிபர்களுடையதைவிட இலகுவாய் இழுத்து மூட வருகின்றது. தையல் போட்ட தழும்போ சுருக்கத்தோடு சுருக்கமாய் மறைந்து விடுகின்றது. எந்தச் சுருக்கத்தைக் காட்டி, "இந்த முகத்துக்கா கத்தி?" என்று கேட்கின்றார்களோ, அந்தச் சுருக்கமே டாக்டருக்கு உதவி செய்கின்றது என்றால், வயதைக் காட்டித் தடுக்கின்றவர்கள் இனி வேறு என்ன காரணம் சொல்லப் போகின்றார்கள்?

பழம்பெருமையும் இன்றைய பயமும்

ஒரு வேடிக்கையையும் சொல்லுவோம். மேடையேறினால், "கத்தி வைத்தியம் உலகத்துக்கே நம் முன்னோர்கள் கற்றுக் கொடுத்தது, சுசுருதர் மூக்கு வைத்தார்" என்று மார்தட்டுகின்றவர், தம் வீட்டுக் கிழவிக்கு மூக்கில் புற்று வந்தால், "கத்தி மாத்திரம் வேண்டாம்" என்பார். முன்னோர் பெருமையில் உண்மை இல்லாமலில்லை. 1794-ம் வருஷம் லண்டனில் ஒரு பத்திரிகை ஒரு விபரத்தை வெளியிட்டது. 1792-ல் முடிந்த மைசூர் சண்டையில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். அவருக்குப் புனாவுக்கு அருகில் ஒருவர், நெற்றித் தோலைத் திருப்பி இறக்கிப் புது மூக்கு வைத்தார். அதைப் படித்துவிட்டு 1814-ல் லண்டனில் கார்ப்பியூ என்ற டாக்டர் அதே முறையைச் செய்து காட்டினார். மூக்கிலுள்ள புற்றை அறுத்த பிறகு நெற்றித் தோலை இறக்கி மூடி, சுமார் 3 வாரம் கழித்துக் காம்பை அறுத்து விடுகின்ற இன்றைய முறை அதன் வழி வந்ததேயாகும்.

ஆனால் அந்த மூக்கை வைத்தவர் யார்? அந்தப் பத்திரிகை சொல்லுகின்றபடி, செங்கல் அறுக்கின்ற ஜாதியைச் சேர்ந்த ஒருவர்! வைத்தியன் வீட்டுச் சோற்றை உண்ணக் கூடாதென்று விதித்தது மனுதர்ம சாஸ்திரம். இரத்தத்தையும் சீழையும் தொட்ட கையைத் தீண்டத்தகாததாக்கி வைத்த நாட்டில், கத்திப் பிடித்த வித்தை செங்கல் சூளைக்காரர் கையில்தான் உயிரோடிருந்தது. பெருமையைப் பேசுகின்றவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். பேசியபின், வீட்டுக் கிழவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக் கொண்டு போகவும் வேண்டும்.

எங்கே கத்தி வேண்டாம்?

அப்படியானால் எல்லாக் கிழவர்களையும் பிடித்து அறுக்கச் சொல்லுகின்றோமா என்று கேட்டால், இல்லை. டாக்டர் வார்த்தையை வேத வாக்காக எடுத்துக் கொள்ளச் சொல்லுவதும் மூட நம்பிக்கையே ஆகும். நீண்ட நேர மயக்கத்துக்குப் பிறகு சில முதியவர்களுக்குப் புத்தி தடுமாற்றம் வருவது உண்டு. படுக்கையோடு இருப்பவர்களுக்கும், இருதயம் மிகக் கெட்டவர்களுக்கும் பெரிய ஆப்பரேஷன் நன்மையைவிடத் தீமையே செய்யலாம். அப்படிப்பட்டவர்களுக்குக் கத்தியில்லாமல் கதிர் சிகிச்சை மாத்திரம் செய்வதும் உண்டு. புற்று தூரத்து உறுப்புகளுக்குப் பரவிவிட்டவர்களுக்காக, உடலின் காவல் சக்தியைத் தட்டியெழுப்புகின்ற அவெலுமாப் என்னும் மருந்தை 2017 மார்ச்சில் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. அதற்கு ஆதாரமான பரீட்சையில் மூன்றில் ஒருவருக்குச் சுமாராகக் கட்டி சுருங்கியது. பணமும் புகழும் உள்ள ஜிம்மி பஃபெட் என்ற அமெரிக்கப் பாடகர் இந்த வியாதியோடு 4 வருஷம் போராடி, சிகிச்சைக்கு நடுவிலும் மேடையேறிப் பாடி, 2023-ல் 76-வது வயதில் இறந்தார். ஆகவே எப்போதும் ஜெயம் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் காலதாமதத்தின் விலை என்ன என்பதற்குக் கணக்கிருக்கின்றது. 9,387 நோயாளிகளைப் பற்றி 2016-ல் வெளியான கணக்குப்படி, கட்டி கிளம்பின இடத்தோடு இருக்கையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100-க்கு 51 பேர் 5 வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தார்கள். நெறிக்குப் போன பிறகு கண்டவர்களில் 35 பேர். தூரத்து உறுப்புகளுக்குப் போன பிறகு கண்டவர்களில் 14 பேர். இவர்களில் அநேகர் முதியவர்களானதால், வேறு வியாதியால் இறந்தவர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றார்கள். அப்படியிருந்தும் 51-க்கும் 14-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அன்றியும், அறுக்காமல் விட்டால் கிழவர் நிம்மதியாய்ச் சாவார் என்று எண்ணுவதும் தப்பு. முகத்தில் வளர விட்ட புற்று உடைந்து, இரத்தம் கசிந்து, நாற்றம் வீசத் தொடங்கலாம். அப்பொழுது, "கத்தி வேண்டாம்" என்று இரக்கப்பட்டவர்களே முதலில் மூக்கைப் பிடித்துக் கொண்டு எழுந்து போவார்கள்.

யாருடைய முகம்?

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வயது எத்தனை என்பதல்ல. நடக்கின்றாரா, தாமே உண்கின்றாரா, இருதயமும் மூச்சும் எப்படி, அவருடைய விருப்பம் என்ன என்பவைகளே கேள்விகள். 82 வயதில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகின்றவரும், 65 வயதில் படுக்கையில் கிடப்பவரும் உண்டல்லவா? கத்தி வைப்பது கட்டிக்கே தவிர வயதுக்கல்ல.

இதில் கடைசியான கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நம் வீடுகளில் "புற்று என்று அவரிடம் சொல்லி விடாதீர்கள்" என்று மகன் டாக்டரின் காதில் ஓதுகின்றான். கிழவியாயிருந்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. புருஷனும் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அறுபது வருஷம் ஒரு குடும்பத்தைக் கட்டி நடத்தினவளுக்குத் தன் கன்னத்தில் இருப்பது என்ன என்று தெரிந்து கொள்ளுகின்ற யோக்கியதை இல்லையா? உண்மையை முழுதும் கேட்டு, "எனக்கு வேண்டாம்" என்று அவளே சொன்னால், அதற்குத் தலைவணங்க வேண்டியதுதான். அது அவளுடைய மானம். உண்மையை மறைத்துவிட்டு அவளுக்காகப் பிறர் "வேண்டாம்" என்று சொன்னால், அதற்கு இரக்கம் என்று பேரல்ல.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கிழ உடம்புக்கு இவ்வளவு பணமா?" என்று உள்ளுக்குள் கணக்குப் போடுகின்ற வீடுகள் உண்டென்பது நமக்குத் தெரியாததல்ல. கஷ்டப்பட்ட குடும்பத்தை நாம் குறை சொல்லவில்லை. அவர்களுக்காகத்தான் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் உயிரோடிருக்கையில் ஆஸ்பத்திரிக்கு வண்டிச் சத்தம் கொடுக்க யோசித்தவரே, செத்த பதினாறாம் நாள் கடன் வாங்கிப் பந்தல் போட்டு, காக்கைக்கும் புரோகிதனுக்கும் சோறு போடுகின்றார். அந்தப் பணத்தை உயிருள்ள முகத்துக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்கின்றோம்.

தோழர்களே! முகத்திலோ தலையிலோ கழுத்திலோ ஒரு கட்டி, வலியில்லாமல், சில வாரங்களுக்குள் வளருமானால், மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். உப்பும் மிளகும் குழம்புக்கு இருக்கட்டும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், சதைச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். புற்று என்று வந்தால், வெளியே கூடிப் பேசுவதை நிறுத்தி, உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொல்லி, "உங்களுடைய இஷ்டம் என்ன?" என்று முதலில் அவரைக் கேளுங்கள்.